காச்சினி எழுதாத ‘ஆவே மரியா’

மேற்கத்திய துக்கடா – 11

சென்ற வாரம் பாகெல்பெல்லின் கேனனை ஒருவழியாகக் கல்யாண மண்டபம் வரை கொண்டுபோய் விட்டோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். திரும்பச் சொல்ல இடமில்லை. இந்த வாரம் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எல்லாருக்கும் பிடித்த செவ்வியல் இசை என்று விற்கிற தொகுப்புகளில் ‘வசந்தம்’ ஏன் தவறாமல் முதல் துண்டாகவே வந்து உட்காருகிறது என்பதுதான் விஷயம். எழுத உட்கார்ந்தேன். எந்தத் துண்டுக்கு அப்புறம் எந்தத் துண்டு என்று சரிபார்க்கலாமே என்று அப்படி ஒரு தொகுப்புத் தட்டின் பின்னட்டையைத் திருப்பினேன். அங்கேயே மாட்டிக்கொண்டேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தபடி இருக்கிறது. விவால்டி வந்தபாடில்லை.

மாட்டிய இடம் ஒன்பதாவது துண்டு. ‘ஆவே மரியா’ – ஜூலியோ காச்சினி (1551–1618) என்று அச்சடித்திருக்கிறார்கள்.

பிறந்த வருடமும் இறந்த வருடமும் அடைப்புக்குறிக்குள் கச்சிதமாக இருக்கின்றன. இரண்டும் சரிதான், பெயர்தான் தப்பு. இந்தப் பாட்டுக்கும் காச்சினிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுதியவர் லெனின்கிராடைச் சேர்ந்த விளாதிமிர் வவீலவ் என்ற கிடார்க்காரர். 1925இல் பிறந்து 1973இல் இறந்தவர். பாட்டு வெளிவந்தபோது காச்சினி செத்து 350 வருடம் ஆகியிருந்தது.

பாட்டைக் கேட்காதவர்கள் குறைவு. பெயர் தெரியாமலாவது கேட்டிருப்பீர்கள். நரம்பு வாத்தியங்கள் மெல்ல அசைய, ஒரு பெண் குரல் எழும்பும். ஒரு சங்கதி வரும். அதே சங்கதி ஒரு படி கீழே வரும். இன்னொரு படி கீழே வரும். இறங்கி இறங்கி அடிமட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது குரல் சட்டென்று உச்சிக்குத் தாவும். அந்தத் தாவலில் மயங்காத ஆளை நான் பார்த்ததில்லை. வார்த்தைகள் மொத்தம் இரண்டுதான். ‘ஆவே மரியா, ஆவே மரியா’ என்றே கடைசி வரை போகும். பிரார்த்தனையின் மீதி வரிகள் எட்டிக்கூடப் பார்க்காது.

சந்தேகம் வரவேண்டிய இடமே அதுதான். காச்சினி யார்? ஃபுளோரன்ஸ் நகரத்துப் பாடகர், பாட்டு வாத்தியார். பாட்டில் வார்த்தைதான் எஜமான், இசை அதற்குக் கைகட்டி நிற்கவேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர். 1602இல் வெளியிட்ட ‘புதிய இசை’ என்ற புத்தகத்தின் முன்னுரையில் அதைத்தான் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார். ஒரே குரல், அடியில் எளிமையான துணை, கேட்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும் என்பது அவர் கட்சி. அவரா இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுவதும் ராகமாக இழுத்திருப்பார்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெயர் விஷயத்தில் மனிதர் மகா பொல்லாதவர். 1600 அக்டோபரில் ஃபுளோரன்ஸில் மரியா தெ மெதிச்சிக்கும் பிரான்ஸ் அரசர் நான்காம் ஹென்றிக்கும் கல்யாணம். விழாவில் யாகோபோ பெரி இசையமைத்த ‘யூரிடிசே’ அரங்கேறியது. முழுசாக நமக்குக் கிடைத்திருக்கும் ஓபராக்களில் இதுதான் மூத்தது. நடித்தவர்களில் சிலர் காச்சினியின் சிஷ்யர்கள். என் பிள்ளைகள் இன்னொருத்தன் மெட்டைப் பாடுவதா என்று அவர்கள் பாடும் பகுதிகளுக்குத் தானே மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார்! அதோடும் விடவில்லை. அதே கதையை, அதே வசனத்தை முழுக்கத் தன் இசையில் எழுதி, பெரியின் புத்தகம் வருவதற்கு முன்னால் அச்சில் கொண்டுவந்துவிட்டார். அடுத்தவர் பெயர் தன் சிஷ்யர்கள் வாயில் வந்துவிடக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டவரை இன்று உலகத்தில் பெரும்பாலோர் தெரிந்துவைத்திருப்பது அடுத்தவர் எழுதிய பாட்டுக்காக.

வவீலவ் கதை இதற்கு நேர் எதிர். கிடாரோடு லூட் என்ற பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியத்தையும் வாசிப்பார். சோவியத் அரசின் மெலோதியா நிறுவனம் 1970இல் அவருடைய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டது. ‘16, 17ஆம் நூற்றாண்டுகளின் லூட் இசை’ என்று தலைப்பு. பல உருப்படிகளுக்குப் பழைய காலத்து இத்தாலியர், ஜெர்மானியர் பெயர்கள். அநேகமாக எல்லாமே வவீலவ் தானே எழுதியவை. ‘ஆவே மரியா’வுக்குப் பெயர் கண்டுபிடிக்கச் சோம்பலோ என்னவோ, ‘ஆசிரியர் தெரியவில்லை’ என்று போட்டுவிட்டார்.

ஏன் இப்படிச் செய்தார்? வவீலவ் என்ற சாதாரணப் பெயரில், யாருக்கும் தெரியாத ஒரு ஆள் எழுதியதாகச் சொன்னால் எவன் வெளியிடுவான் என்று அப்பா நினைத்தார் என்பது பின்னாளில் அவர் மகள் சொன்ன விளக்கம். எனக்கு இது போதுமானதாகவே படுகிறது. கடவுள் இல்லை என்று பாடப்புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்த நாட்டில், உயிரோடு இருக்கும் ஒருவர் மாதாவை அழைத்துப் புதுசாகப் பாட்டு எழுதினேன் என்று போய் நிற்கமுடியாது. நானூறு வருடத்துப் பழசு என்றால் அது அருங்காட்சியகச் சரக்கு. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பின்னதை மகள் சொல்லவில்லை, நான் சேர்க்கிறேன்.

காச்சினி எங்கே வந்து ஒட்டினார்? வவீலவ் இறந்த பிறகு. அந்தத் தட்டில் ஆர்கன் வாசித்த மார்க் ஷாகின்தான் முதலில் காச்சினி பெயரைச் சொல்லி மற்ற கலைஞர்களுக்குப் பிரதி கொடுத்தவர் என்கிறார்கள். சோவியத் யூனியன் உடைந்து, பாடகர்கள் மேற்கே போனபோது பாட்டும் கூடவே போனது. லாத்வியாவின் இனெஸ்ஸா கலான்டே 1995இல் பாடிப் பெரும் பெயர் வாங்கினார். பிறகு அந்திரியா போச்செல்லியும் பாடினார். அதற்கப்புறம் தொகுப்புக்காரர்கள் விடுவார்களா?

அதே மெலோதியா தட்டின் முதல் உருப்படிக்கு இன்னொரு ஜாதகம். ‘ஃபிரான்செஸ்கோ த மிலானோவின் கன்ஸோனா’ என்று போட்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் நிஜமாகவே வாழ்ந்த லூட் மேதை அவர். இந்த மெட்டுக்கு மட்டும் பொறுப்பில்லாதவர். அன்ரி வலஹோன்ஸ்கி என்ற கவிஞர் இதற்கு வரிகள் எழுத, பாட்டு லெனின்கிராடில் வாய்வழியாகப் பரவியது. ராக் பாடகர் போரிஸ் கிரெபென்ஷிகோவ் கைக்கு வந்து, 1987இல் ‘அஸ்ஸா’ படத்தில் ஒலித்து, ஒரு தலைமுறையே முணுமுணுக்கும் பாட்டானது. எல்லாரும் இத்தாலிய மெட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரே தட்டில் இரண்டு உலகப் பிரசித்தமான மெட்டுகள், இரண்டிலும் சொந்தப் பெயர் இல்லை. வவீலவ் இருந்து பார்க்கவும் இல்லை.

சென்னையில் ஒரு தேவாலயத் திருமணத்துக்குப் போயிருந்தேன். நிகழ்ச்சி நிரல் தாளில் ‘ஆவே மரியா (காச்சினி)’. ஒரு பெண் அதை அருமையாகப் பாடினாள். வாய் சும்மா இருக்குமா? வெளியே வந்ததும் பாடகர் குழுத் தலைவரைப் பிடித்து வவீலவ் புராணத்தை ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். “சார், பாட்டு நல்லா இருந்துச்சுல்ல? சாப்பிடப் போங்க, பந்தி ஆரம்பிச்சுட்டாங்க” என்றார். போனேன். ஆனாலும் அவர் கட்சியில் நான் சேரவில்லை. பாட்டு நன்றாக இருப்பதால்தானே எழுதியவர் பெயரைச் சரியாகப் போடவேண்டும்?

பின்னட்டையை மேலும் கீழும் பார்த்தால் வவீலவுக்குக் கூட்டாளிகள் கிடைக்கிறார்கள். நான்காவது துண்டு ‘அல்பினோனியின் அடாஜியோ’. சினிமாவில் சோகக் காட்சி என்றாலே வந்து நிற்கிற அதேதான். 1671இல் வெனிஸில் பிறந்த அல்பினோனி நிஜமான பெரிய கை. பாஹ்கூட அவர் மெட்டுகளை எடுத்து ஃபியூக் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த அடாஜியோ அச்சில் வந்தது 1958இல். வெளியிட்டவர் ரேமோ ஜியாசோட்டோ, அல்பினோனியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய இத்தாலிய ஆராய்ச்சியாளர். குண்டுவீச்சில் நாசமான டிரெஸ்டன் நூலகத்தின் பிரதி ஒன்றிலிருந்து அடிச்சுரமும் இரண்டு சிறு மெட்டுத் துணுக்குகளும் கிடைத்தன, அவற்றை வைத்து நான் கட்டினேன் என்றார். அதை ஒப்புக்கொண்டாலும் கட்டிடம் அவருடையதுதான். அதனால் காப்புரிமையும் அவருடையதே. அவர் இறந்தது 1998இல். ஐரோப்பியச் சட்டப்படி இறந்த பிறகு 70 வருடம். ஆக, 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று விற்கப்படும் இந்த அடாஜியோவுக்கு 2068 கடைசி வரை ஐரோப்பாவில் ராயல்டி உண்டு. வவீலவ் கெட்டிக்காரராக இருந்திருந்தால் இப்படியல்லவா செய்திருக்கவேண்டும்!

வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் இன்னும் துணிச்சல்காரர். புன்யானி, கூப்பரின், மார்த்தினி என்று பழம்பெரும் பெயர்களில் தானே எழுதியதை இருபது, முப்பது வருடம் மேடையில் வாசித்துக் கைத்தட்டல் வாங்கினார். 1935இல் அமெரிக்க விமர்சகர் ஒருவர் கேட்டபோது, ஆமாம், எல்லாம் நான்தான் என்று போட்டு உடைத்தார். லண்டன் விமர்சகர் எர்னஸ்ட் நியூமன் கொதித்துப்போனார். கிரைஸ்லர் அசரவில்லை. இளம் வயதில் கச்சேரிக்கு உருப்படிகள் தேவைப்பட்டன, நிகழ்ச்சி நிரலில் என் பெயரே திரும்பத் திரும்ப வந்தால் நன்றாக இருக்குமா என்றார். நியாயம்தான். விமர்சகர்கள் கோபம் எதற்கு என்றால், போலி என்பதற்காக அல்ல, இத்தனை வருடம் தாங்கள் கண்டுபிடிக்கவில்லையே என்பதற்காக.

பியானோ கற்கும் பிள்ளைகள் எல்லாரும் வாசிக்கும் ‘பாஹின் ஜி மேஜர் மினுவெட்’? அது கிறிஸ்டியன் பெட்ஸோல்டு எழுதியது. பாஹ் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்கு 1725இல் கொடுத்த நோட்டுப் புத்தகத்தில் பெயர் போடாமல் எழுதிவைத்திருந்தார்கள்; வீட்டு நோட்டு என்பதால் வீட்டுக்காரர் பெயரே ஒட்டிக்கொண்டது. இதில் யார் மேலும் குற்றம் இல்லை.

நம் பக்கத்தில் இந்தக் கஷ்டம் குறைவு. கடைசிச் சரணத்தில் தியாகராஜர் தன் பெயரை முத்திரையாக வைத்துவிடுகிறார், எவன் மாற்றமுடியும்? முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களில் நிலைமை கொஞ்சம் வேறு. கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்களின் மெட்டுகளைக் கேட்டு அவர் சமஸ்கிருத வரிகள் போட்டவை அவை. ‘சந்ததம் பாஹி மாம்’ என்பதைப் பாடிப் பாருங்கள். இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து வந்து நிற்கும். அந்த ராஜ வாழ்த்தின் மெட்டை முதலில் போட்டது யார் என்பது இங்கிலாந்துக்காரர்களுக்கே இன்றுவரை தெரியாது.

தொகுப்பு வாங்கலாமா, அதெல்லாம் அரைகுறை என்று என் மாமா சொல்கிறாரே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக வாங்குங்கள். துண்டு துண்டாகக் கேட்பது பாவமில்லை. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பீத்தோவன் நடத்திய நாலு மணி நேரக் கச்சேரியில், ஐந்தாவது, ஆறாவது சிம்பனிகளோடு தன்னுடைய திருப்பலி இசையிலிருந்து சில பகுதிகளை மட்டும் பிய்த்து எடுத்துத்தான் பாடவைத்தார். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். துண்டு போடுவதில் எனக்கு வழக்கே இல்லை. என் வழக்கெல்லாம் பின்னட்டையோடுதான். உறையில் ஓவியம் அச்சடிக்கச் செலவழிப்பவர்கள் எழுதியவர் பெயரைச் சரிபார்க்க ஒரு நாள் ஒதுக்கக்கூடாதா?

அவர்கள் செய்யும் வரை நாம் செய்யலாம். வீட்டில் அப்படி ஒரு தட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். காச்சினி என்று இருக்கும் இடத்தைப் பேனாவால் அடித்து, விளாதிமிர் வவீலவ் (1925–1973) என்று எழுதிவையுங்கள். விவால்டி அடுத்த வாரம்.