பிரையம் பாரதியென்சிஸ்

பிரையம் பாரதியென்சிஸ் என்பது கிழக்கு அண்டார்க்டிகாவில் சேகரிக்கப்பட்டு, புதிய இனமாக அறிவிக்கப்பட்ட மாஸ் தாவரமாகும். பேச்சு வழக்கில் மாஸையும் பாசி என்கிறோம். ஆனால் குளத்துப் பாசியான ஆல்கா வேறு, மாஸ் வேறு. மாஸில் தண்டு, இலை போன்ற பகுதிகள் உண்டு. வேர், பூ, விதை ஆகியவை இல்லை. ஸ்போர்கள் மூலம் இது இனப்பெருக்கம் செய்கிறது.

கண்டுபிடிப்பு

லார்ஸ்மன் குன்றுகள் பகுதியில் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் 2012 முதல் இயங்கி வருகிறது. 2017-இல் இந்திய ஆய்வுக் குழுவில் சென்ற பேராசிரியர் பெலிக்ஸ் பாஸ்ட், இந்நிலையத்தின் அருகே பாறைகளில் அடர்பச்சை நிறத்தில் வளர்ந்திருந்த மாஸைக் கண்டு மாதிரிகளைச் சேகரித்தார். ஆயினும் 2021-இல்தான் இது புதிய இனம் என அறிவிக்கப்பட்டது.

காலதாமதம் ஏன்?

ஒரு செடியைக் கண்டெடுப்பது எளிது; அது புதியது என்று நிறுவுவதே கடினம். கடுங்குளிரிலும் வறட்சியிலும் வளரும் மாஸ் குட்டையாகி உருமாறிவிடும். எனவே ஏற்கெனவே அறிந்த இனமே புதியது போலத் தோன்றக்கூடும். இதனால் இலையின் வடிவம், நடுநரம்பு, செல்களின் அமைப்பு ஆகியவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நெருங்கிய இனங்களுடன் ஒப்பிட வேண்டும். பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் இத்தாவரத்தின் டிஎன்ஏ வரிசையையும் பிற இனங்களின் வரிசைகளோடு ஒப்பிட்டனர்.

பெயரிடும் விதிகள்

பன்னாட்டுத் தாவரப் பெயரிடல் விதிகளின்படி புதிய இனத்தின் விளக்கம் அச்சிலோ, உரிய மின்னிதழிலோ வெளியாக வேண்டும். 2012 முதல் இவ்விளக்கம் இலத்தீனில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கலாம். ஹோலோடைப் எனப்படும் மூல மாதிரி ஒன்றைக் குறிப்பிட்டு, அதை உலர்தாவரக் காப்பகத்தில் பாதுகாக்க வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் எவரும் அம்மாதிரியை எடுத்துச் சரிபார்க்கலாம். தவறெனத் தெரிந்தால் பழைய இனத்துடன் சேர்த்துவிடுவதும் உண்டு.

இப்பெயரில் 'பிரையம்' என்பது பேரினம். 'பாரதியென்சிஸ்' என்பது பாரதி நிலையத்தைக் குறிக்கிறது. கவிஞர் பாரதியாரை அல்ல. பாரதி என்பது கலைமகளின் பெயர்களுள் ஒன்று.

வாழும் முறை

அண்டார்க்டிகாவில் பனியில்லாத நிலம் மிகவும் குறைவு. குளிர்காலத்தில் மாஸ்கள் பனியின் கீழ் உறக்கநிலையில் இருந்து, கோடையில் உருகும் நீரால் மீண்டும் வளர்கின்றன. பென்குயின் எச்சத்திலுள்ள நைட்ரஜன் இவற்றுக்கு உரமாகிறது.

முக்கியத்துவம்

புவி வெப்பமாதலால் அண்டார்க்டிகாவின் தாவர வாழ்விடங்களும் மாறி வருகின்றன. ஓர் இடத்தில் இன்று எவை வாழ்கின்றன என்ற பட்டியல் இருந்தால்தான், நாளை எது அழிந்தது, எது புதிதாக வந்தது என்று கூற முடியும். பெயரிடப்படாத உயிரினம் அழிந்தால் அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.