2.33 மில்லிமீட்டர் உறுத்தல்

பிரிட்டிஷ் மாதிரி ரயில் ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், பக்கவாட்டில் பார்க்காதீர்கள். குனிந்து நேர் எதிரே பாருங்கள். இன்ஜினின் உடல் அகலமாகவும் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கியும் தெரியும். கண்ணில் கோளாறு இல்லை, கணக்குதான் உதைக்கிறது.

அந்நாட்டு ரயில் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். சிங்கப்பூர் எம்ஆர்டியிலும் அதே அளவுதான். 'ஓஓ' எனப்படும் மாதிரி வகை அசலில் 76.2இல் ஒரு பங்கு. அப்படியானால் பாதையின் அகலம் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருப்பதோ 16.5.

ஐரோப்பாவின் 'எச்ஓ' வகை 87இல் ஒரு பங்கு என்பதால் அதற்கு 16.5 கச்சிதம். ஆனால் பிரிட்டனின் பாலங்களும் சுரங்கங்களும் குறுகலானவை, இன்ஜின்களும் சிறியவை. அவற்றை 87இல் ஒரு பங்காக்கினால் அக்கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டு, பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இந்த 2.33 மில்லிமீட்டர் குறையைச் சகிக்க முடியாத ஆர்வலர்கள் 1960களில் 'புரோட்டோஃபோர்' என்ற அளவுமுறையை வகுத்தார்கள். சுருக்கமாக 'பி4'. பாதையின் அகலம் 18.83, சக்கரமும் அசலைப் போலவே மெல்லியது.

பாதையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். சிக்கலே சக்கரத்தில்தான் இருக்கிறது. ரயில் சக்கரத்தின் உட்புறம் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்குமே, அசலில் அதன் உயரம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். பி4இல் அது 0.4 மில்லிமீட்டர்தான். நான்கு தாள்களை அடுக்கினால் வரும் கனம்! பாதையில் சிறு மேடு இருந்தாலே ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். வண்டி தடம் புரண்டுவிடும். கடையில் வாங்கும் பொம்மையின் தடித்த விளிம்பு இந்தத் தவறுகளையெல்லாம் மன்னித்துவிடும்.

இதற்கு நம் வீட்டு முக்காலியே விடை சொல்கிறது. நான்கு கால் நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. வண்டியின் ஓர் அச்சை இறுக்கமாகப் பொருத்துகிறார்கள். மற்றதை அதன் நடுவில் ஒரே புள்ளியில் தாங்கி, இரு முனைகளும் ஏறி இறங்க விடுகிறார்கள். வண்டியின் உடல் மூன்று புள்ளிகளில் அமர்ந்துவிடும், நான்கு சக்கரங்களும் தண்டவாளத்தை விட்டு எழும்பாது. சிலர் மெல்லிய எஃகுக் கம்பியால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைக்கிறார்கள். அசல் ரயில் பொறியாளர்கள் செய்வதும் அதுதானே. ஆனால் எடை நீளத்தைப் போலச் சுருங்குவதில்லை, மும்மடியாகக் குறைகிறது. 80 டன் இன்ஜின் இந்த அளவில் வெறும் 181 கிராம். ஸ்பிரிங்கை அதற்கேற்ப மென்மையாக்க வேண்டும்.

இடப் பிரச்சினையும் உண்டு. பொம்மை ரயில் செட்டில் வரும் 438 மில்லிமீட்டர் ஆர வளைவு, அசலில் சுமார் 33 மீட்டர். எந்த விரைவு ரயிலும் அதில் திரும்பாது. பி4இல் ஒரு மீட்டருக்கு மேல் ஆரம் வைப்பது வழக்கம். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் அனுமதி கேட்பது நல்லது.

இத்தனை பாடுபட்டவருக்குக் கிடைப்பது என்ன? இரண்டு தடங்கள் வெட்டும் இடத்தைக் கவனியுங்கள். விளிம்பு நுழைந்து செல்ல அங்கே தண்டவாளத்தில் ஓர் இடைவெளி விட்டாக வேண்டும். ஓஓ பாதையில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகம். சக்கரம் பலசமயம் அதில் 'டக்'கென்று விழுந்து எழும். பி4இல் இடைவெளி ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான். சக்கரம் அதில் விழுவதற்குள் அடுத்த தண்டவாளம் தாங்கிக்கொள்கிறது. வண்டி சற்றும் குலுங்காமல் கடந்துபோகிறது.