வரம் பெற்ற பிள்ளைகளும் அவர்தம் இரகசியமும்

பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட காலம் மனித வாழ்விலே விசித்திரமானதொரு காலம். நேற்றுவரை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்த பிள்ளை, இன்று நாலடி பின்னால் நடந்து வருகிறான். குரல் உடைகிறது, முகம் மாறுகிறது, கண்ணாடி முன் நிற்கும் நேரம் நீள்கிறது. ‘நான் யார்? யாருக்கு உரியவன்?’ என்னும் வினா வாய்விட்டுக் கேட்கப்படாமலே உள்ளத்தில் எழுந்து நிற்கிறது.

இந்த வயதினர் இன்று விரும்பி வாசிக்கும் ஆங்கில நாவல்கள் பலவற்றில், அதே வயதுடைய பையனோ பெண்ணோ அபூர்வ சக்தி ஒன்றைப் பெறுவதாகக் கதை தொடங்குகிறது. ஒருவன் காற்றையும் மூடுபனியையும் அழைக்கிறான். ஒருத்தியின் விரல் நுனியில் மின்னல் பிறக்கிறது. பாடப் புத்தகத்தின் கீழே இத்தகைய நூலொன்று ஒளிந்திருக்கக் கண்டால், ‘புளுகு மூட்டை’ என்று கடிந்து அதைப் பறித்து வைக்கும் பெற்றோர் பலர். பறிப்பதற்கு முன் அதனுள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முறையல்லவா? அந்த நோக்குடன் இவ்வகை நூல்கள் சிலவற்றை நாம் ஊன்றி வாசித்தோம். சக்தியைக் காட்டிலும் இரகசியமே இக்கதைகளின் உயிர்நிலை என்று நமக்குத் தோன்றிற்று. வரம் பெற்ற பிள்ளை அதை யாருக்கு மறைக்கிறான், யாருக்குச் சொல்கிறான், யார் பொருட்டுப் பயன்படுத்துகிறான் என்ற மூன்று வினாக்களைச் சுற்றியே இவை நடக்கின்றன.

இளைஞர்க்கென ஓர் இலக்கியம்

சிறுவர் இலக்கியத்துக்கும் பெரியோர் இலக்கியத்துக்கும் இடையில் மூன்றாவது வகை ஒன்று உண்டு என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. அமெரிக்க நூலகச் சங்கம் 1957 ஆம் ஆண்டில் இளைஞர்க்கான நூலக சேவைக்கெனத் தனிப் பிரிவொன்றை அமைத்தது. பத்து ஆண்டுகளின் பின், 1967 இல், ‘தி அவுட்சைடர்ஸ்’ என்னும் நாவல் வெளிவந்தது. அதை எழுதிய எஸ். ஈ. ஹின்ரன் என்னும் பெண், உயர்பாடசாலை மாணவியாயிருந்தபோதே அதனை எழுதினார். இளைஞரைப் பற்றி இளையவர் ஒருவரே எழுதியமையால், அறிவுரைத் தொனி நீங்கி அனுபவத் தொனி அந்நூலில் நிலவிற்று.

அபூர்வ சக்தியைப் பாடசாலை மாணவன் கையில் ஒப்படைத்த பெருமையோ சித்திரக் கதைக்கு உரியது. அதற்குமுன் அமெரிக்கச் சித்திரக் கதைகளில் வீரன் பெரும்பாலும் வளர்ந்த மனிதனாயிருப்பான். பையன் வந்தால் அவனுக்கு எடுபிடியாக வருவான். 1962 இல் ஸ்ரான் லீ என்பவரும் ஸ்ரீவ் டிற்கோ என்னும் ஓவியரும் படைத்த ‘ஸ்பைடர்மான்’ இந்த வழக்கத்தை மாற்றியது. பீற்றர் பாக்கர் தாய் தந்தையரை இழந்து, பெரியப்பன் பெரியன்னையிடம் வளரும் மாணவன். சகமாணவரின் கேலிக்கு ஆளானவன். சிலந்தி கடித்துச் சக்தி பெற்றவுடன் அவன் தேடியது பணமும் புகழுமே. ஓடிவரும் திருடனைத் தடுக்க வல்லவனாயிருந்தும் ‘எனக்கென்ன’ என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் கையாலே பெரியப்பன் கொலையுண்கிறார். சக்தி வந்த அன்றே கடமையும் வந்துவிட்டது என்பதை அந்தப் பிள்ளை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்கிறான். பிற்காலத்து இளைஞர் நாவல்கள் பலவற்றுக்கு இக்கதை வித்தாயிற்று.

பெயரைக் கொடுத்த நண்பன்

நாவல் என்னும் வகையில் நாம் முதலிடம் கொடுப்பது, ஊர்சுலா லெ குவின் அம்மையார் 1968 இல் வெளியிட்ட ‘எ விசார்ட் ஒவ் ஏர்த்சீ’ என்னும் நூலுக்கே. கடலும் தீவுகளுமான ஒரு கற்பனை உலகம் அது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மனிதனுக்கும் மெய்ப்பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவன் அப்பொருளையும் அம்மனிதனையும் ஆளலாம். ஆதலால் மெய்ப்பெயரை எவரும் வெளியிடுவதில்லை. ஊரார் அழைப்பதற்கு வேறு பெயர் இருக்கும்.

கதாநாயகன் கெட் என்பான் ஏழைக் கொல்லன் ஒருவனின் மகன், ஆடு மேய்த்தவன், செம்பழுப்பு நிறத்தவன். பகைவர் ஊரைத் தாக்க வந்தபோது மூடுபனியை அழைத்து ஊரைக் காத்தவன். மந்திர வித்தை கற்கும் கல்லூரிக்கு வந்தபின் செருக்கு அவனைப் பற்றிக்கொள்கிறது. சகமாணவன் ஒருவனின் ஏளனத்தைப் பொறாது, தன் வல்லமையைக் காட்ட இறந்தவர் ஆவியை அழைக்கிறான். ஆவியோடு கரிய நிழலொன்றும் உலகினுள் புகுந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அவனைக் காக்க முற்பட்ட முதிய தலைமையாசான் உயிர் துறக்கிறார்.

நோயிலிருந்து மீண்டெழுந்த கெட் எவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கக் கூசுகிறான். அவ்வேளையில் வெச் என்னும் நண்பன் ஒரு செயல் செய்கிறான். கல்லூரியை விட்டுப் போகுமுன், தன் மெய்ப்பெயரை அவனிடம் சொல்லிவிடுகிறான். அதாவது, ‘என்னை அழிக்கும் ஆயுதத்தை உன் கையில் தந்தேன்; நீ அதைப் பயன்படுத்தமாட்டாய் என்று நம்புகிறேன்’ என்பதே அச்செயலின் பொருள். நட்பின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி இளைஞர் இலக்கியத்தில் அரிது. பின்னர் கெட் தன் நிழலைத் தேடிக் கடலின் எல்லைக்குப் போகும்போது, தோணியில் உடன் செல்பவனும் அந்த வெச்சே. ஈற்றில் கெட் நிழலை எதிர்நின்று பெயர் சொல்லி அழைக்கிறான். அவன் சொன்ன பெயர் தன்னுடைய பெயரே. தன் இருளையும் தன்னுடையதென்று ஏற்றபோதுதான் அவன் முழுமனிதனாகிறான்.

உண்ட சோறும் மனச்சாட்சியும்

கிறிஸ்ரின் கஷோர் 2008 இல் வெளியிட்ட ‘கிரேஸ்லிங்’ என்னும் நாவலில் வினா இன்னும் கூர்மை பெறுகிறது. அவ்வுலகில் வரம் பெற்ற குழந்தைகளின் இரு கண்களும் இரு வேறு நிறமாயிருக்கும். பல நாடுகளில் அத்தகைய குழந்தை அரசனுக்கே உடைமை. கட்சா என்னும் பெண் பெற்றோரை இழந்து, தன் மாமனாகிய அரசனின் அரண்மனையில் வளர்கிறாள். அவள் வரம் கொலை செய்யும் வரம் என்பது எல்லோருடைய எண்ணம். அவளுடைய எண்ணமும் அதுவே. அரசன் அவளைத் தன் தண்டனைக் கருவியாக்குகிறான். பணியாதவரின் கையை ஒடிக்க அவள் அனுப்பப்படுகிறாள். ஊரார் அவளைக் கண்டு ஒதுங்குகின்றனர்.

ஒருநாள் அவள் மறுத்து நிற்கிறாள். மன்றத்திலே வில்லாளர் சூழ்ந்திருக்க, அரசனைக் கொல்லும் வல்லமை கையில் இருந்தும், கொல்லாமல் வெளியே நடக்கிறாள். பின்னர் உறைபனி மூடிய மலைக் கணவாயைக் கடந்து ஒரு சிறுமியைக் காத்துச் செல்லும்போது, தன் வரம் கொல்வதன்று, உயிர்பிழைப்பது என்று உணர்கிறாள். அரசன் அவளுக்கு இட்ட பெயர் ‘கொலைகாரி’. அவள் தானே கண்டறிந்த பெயர் ‘காப்பவள்’.

இதனை வாசிக்கையில் கர்ணனின் நினைவு வருவதைத் தடுக்க இயலவில்லை. கவச குண்டலத்தோடு பிறந்தவன். தான் யார் மகன் என்று அறியாதவன். தன்னை மதித்து அங்க நாட்டை அளித்த துரியோதனனுக்குச் செஞ்சோற்றுக் கடனாக உயிரையே கொடுத்தவன். தாய் இன்னாள் என்று அறிந்த பின்னும் அவன் பக்கம் மாறவில்லை. அதற்காக அவனை நாம் போற்றுகிறோம். கட்சா உண்டதும் அரண்மனைச் சோறே. ஆயினும் சோறிட்டவன் அநீதி செய்யச் சொன்னபோது அவள் எழுந்து போகிறாள். இருவரில் யார் விசுவாசி? ‘விசுவாசம் மனிதருக்கா, அறத்துக்கா?’ என்று உயர்வகுப்பு மாணவரை இரு அணியாக்கி வாதிடச் செய்யத் தக்க பொருள் இது. ஒரு பக்கமே வெல்லும் என்று நாம் கருதவில்லை. கர்ணனுக்குத் துரியோதனன் மானம் கொடுத்தான். கட்சாவுக்கு அரசன் மானத்தைக் கொடுக்கவில்லை, பறித்தான். அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்களாயின், அதுவே கல்வி.

காதலும் வஞ்சனையும்

இந்நாவல்களில் காதல் இடம்பெறுவதே பெற்றோரின் பெரும் மனக்குறை. கட்சாவின் கதையில் அயல்நாட்டு இளவரசன் ஒருவன் வருகிறான். தன்னைப் பற்றிப் பிறர் நினைப்பதை அறிவது அவன் வரம். அதை அவளுக்கு மறைத்தே பழகுகிறான். உண்மை வெளிப்பட்டபோது அவள் கொதித்தெழுகிறாள். தன் உள்ளத்துக்குள் அனுமதியின்றி ஒருவன் புகுந்தான் என்பது அவள் வழக்கு. ஒளிவுமறைவில்லாத இடத்திலேதான் அன்பு தழைக்கும் என்ற பாடம் அங்கே உண்டு. அவள் அவனை விரும்பினும் திருமணத்தை மறுக்கிறாள். இது நம் குடும்பங்கள் பலவற்றுக்கு உவப்பாயிராது. அதைப் பிள்ளையோடு பேசுவது, நூலை ஒளித்து வைப்பதினும் பயன் தரும்.

விக்டோரியா அவியார்ட் 2015 இல் வெளியிட்ட ‘ரெட் குயீன்’ என்னும் நாவல் எச்சரிக்கை செய்யும் கதை. வெள்ளி நிற இரத்தமுடையோர் அபூர்வ சக்தியுடையோராய் ஆள்கின்றனர். சிவந்த இரத்தமுடையோர் உழைத்தும் போரில் மடிந்தும் அழிகின்றனர். பதினேழு வயதுடைய மேர் என்னும் ஏழைப் பெண்ணிடம், சிவந்த இரத்தமிருந்தும், மின்னலை ஆளும் சக்தி வெளிப்படுகிறது. பிறப்பினால் உயர்வு என்னும் கோட்பாடு அந்த ஒரு கணத்தில் பொய்யாகிறது. அஞ்சிய அரசகுடும்பம் அவளை வெள்ளி இரத்தக் குடியின் மகளென்று பொய் கூறி, இளைய இளவரசனுக்கு நிச்சயம் செய்கிறது. இரத்தத்தின் சிவப்பு கன்னத்தில் தெரியாதிருக்க அவள் நாள்தோறும் முகத்துக்குப் பூச்சுப் பூசவேண்டும். இனிமையாகப் பேசி அவள் நம்பிக்கையைப் பெற்ற அந்த இளவரசனே ஈற்றில் அவளைக் காட்டிக்கொடுக்கிறான். இனிய சொல்லை விசுவாசமென்று எண்ணி மயங்கும் வயதினருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

குறைகளும் உள. ஒரு நூல் வெற்றி பெற்றால் அதையே நீட்டி மூன்றும் நான்கும் எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. ஒரு பெண்ணும் அவளை நாடும் இருவரும் என்ற ஒரே அச்சில் வார்த்த கதைகள் பல. உயிர்க்கொலையை விளையாட்டுப்போற் சொல்லும் நூல்களும் கிடைக்கின்றன. பதரையும் மணியையும் பிரித்தறியச் சுளகு வேண்டும். அந்தச் சுளகு வாசிப்புப் பழக்கமே.

முதலில் யாருக்குச் சொல்வாய்?

ஒரு பாடவேளையில் மாணவருக்குக் கட்டுரைத் தலைப்பொன்று கொடுத்தோம். ‘ஒரே இரவில் உனக்கு அபூர்வ சக்தி ஒன்று வந்துவிட்டால் முதலில் யாருக்குச் சொல்வாய்?’ என்பதே தலைப்பு. சக்தியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்கள் எழுதியதோ யாருக்குச் சொல்லக்கூடாது என்பதைப் பற்றி. நண்பனுக்குச் சொல்வேன் என்றோர் பலர். பாட்டியிடம் சொல்வேன் என்றோரும் உளர். தாய் தந்தையரிடம் சொல்வேன் என்றோர் மிகச் சிலரே. மாணவி ஒருத்தி, ‘அம்மா பயந்துபோவார், ஆகையால் சொல்லமாட்டேன்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். அச்சமும் அன்பும் கலந்த அந்த ஒரு வரி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

அவளுக்குச் சொல்லத் தக்க விடை ஒரு சித்திரக் கதையில் இருக்கிறது. கமலா கான் என்பவள் அமெரிக்காவிலே ஜேர்சி நகரில் வாழும் பதினாறு வயது மாணவி. பாகிஸ்தானிலிருந்து குடியேறிய முஸ்லிம் பெற்றோரின் மகள். 2014 இல் ‘மிஸ் மார்வெல்’ என்னும் பெயரில் இவள் கதை தனிச் சஞ்சிகையாக வெளிவரத் தொடங்கியது. எழுதியவர் ஜீ. வில்லோ வில்சன். உருமாறும் சக்தி கிடைத்தவுடன் கமலா தன்னையறியாமலே எடுத்த வடிவம், தான் வியந்து போற்றிய பொன்னிறக் கூந்தல் வீராங்கனையின் வடிவம். பிறராக இருத்தல் தனக்குப் பொருந்தாது என்று உணர்ந்து, தன் சொந்த முகத்தோடு நிற்க அவள் கற்றுக்கொள்கிறாள். வீட்டாருக்கு மட்டும் நெடுநாள் மறைக்கிறாள். உலகமே அழியப்போகிறது என்ற நிலை வந்தபோது, 2015 இல் வெளிவந்த இதழொன்றில், தாயிடம் உண்மையைச் சொல்கிறாள். தாய் திடுக்கிடவில்லை. அவள் அதை முன்பே அறிந்திருந்தாள்.

மின்னலும் மூடுபனியும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இல்லை. ஆனால் ஓவியம் வரையும் ஆசை, கணிதத்தில் வந்த தோல்வி, மனத்தில் முளைத்த விருப்பு, தான் வேறாக இருக்கிறேன் என்னும் கூச்சம் என மறைத்து வைத்தவை பல இருக்கும். அவற்றைச் சொல்லும் துணிவு பிள்ளைக்கு வேண்டும். கேட்டுத் திடுக்கிடாத பொறுமை பெற்றோருக்கு வேண்டும். அடுத்த முறை பாடப் புத்தகத்தின் கீழே அத்தகைய நூலொன்றைக் கண்டால், பறிக்கவேண்டாம். ‘இந்தப் பெண் தன் சக்தியை யாருக்குச் சொன்னாள்?’ என்று கேளுங்கள். பிள்ளை கதையைச் சொல்லத் தொடங்கும். கதையினூடே வேறு எதையேனும் சொல்லவும் கூடும்.