பழைய இராணுவ லோரியில் எண்ணெய் ஒழுக்கு: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் எங்கே பார்ப்பது?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகை எடுத்திருக்கும் என் மனைவியின் தம்பி, ஒரே ஆண்டில் தன் லோரியின் பின்பக்க ஆயில் சீலை இரண்டு முறை மாற்றினார். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய கூலி, சாமான் விலை, வேலை நின்ற நாட்கள் எல்லாம் சேர்ந்து 3,000 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. அடுத்த மூன்றாவது மாதம் லோரி நின்ற இடத்தில் மறுபடியும் கறுப்பெண்ணெய் குட்டை கட்டி நின்றது. "மச்சான், இன்ஜினையே மாத்திடுங்கன்னு பட்டறையில சொல்றாங்க. என்ன செய்யறது?" என்று போன் செய்தார்.

அது பழைய பெட்ஃபோர்ட் ஆர்.எல். வண்டி. 1950களில் பிரிட்டிஷ் இராணுவத்துக்காக வந்த நான்கு சக்கர இழுவை லோரி. இப்படி இராணுவத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்தில் வெளியே வந்த வண்டிகள்தான் மரக்காடுகளிலும் தோட்டங்களிலும் 'லோரி ஹந்து' என்ற பெயரில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஆர்.எல். வண்டிக்கு ஆதியில் இருந்தது 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். கைமாறிக் கைமாறி வரும்போது அதைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினைப் பொருத்திவிடுவார்கள். இந்த வண்டியில் இருப்பது பெர்கின்ஸ் 6.354, 5.8 லிட்டர். (இத்தகைய வண்டிகளில் பல பதிவும் காப்புறுதியும் இல்லாதவை. அவற்றைப் பொதுச்சாலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் சொட்டினால், நம்மவர்கள் உடனே "பின் சீல் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சில வேளை உண்மை. ஆனால் எண்ணெய் மேலே எங்கே கசிந்தாலும் கீழ்நோக்கித்தான் இறங்கும். முன்னால் இருக்கும் விசிறி அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே, இன்ஜினின் எந்த மூலையில் ஒழுகினாலும் கடைசியில் சொட்டுவது அதே இடத்தில்தான். சொட்டும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தால் பணம் போகும்.

முதலில், எவ்வளவு போகிறது என்று அளந்து பாருங்கள். லோரியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து எழுதி வையுங்கள். ஒரு நாள் ஓட்டிய பிறகு அதே இடத்தில் மறுபடியும் பாருங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 3,600 சொட்டு. 20 முதல் 30 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 120 முதல் 180 மில்லிலிட்டர். பத்து மணி நேர வேலையில் ஒன்றே கால் லிட்டரிலிருந்து ஒன்றே முக்கால் லிட்டர் வரை காலி. அதற்கு மேல் போனால் அன்றைக்கே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டிய ஒழுக்கு. ஓட்டும்போது எண்ணெய் அழுத்த முள் இறங்கினாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ, "மில்லு வரைக்கும் போயிடலாம்" என்ற பேச்சே கூடாது. அந்தக் கொஞ்ச தூரத்திலேயே பேரிங்குகள் உருகிவிடும்.

அடுத்து, அது எந்த எண்ணெய்? டீசல் இன்ஜின் எண்ணெய் கறுப்பாக இருக்கும், விரலில் மை போல ஒட்டும். கியர் எண்ணெய் கெட்டியாக இருக்கும். அதில் கந்தக வாடை அடிக்கும், ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டுவது கியர் எண்ணெய் என்றால், கெட்டது கியர்பாக்ஸின் முன் சீல். இன்ஜினைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறதா? அப்படியென்றால் டீசல் உள்ளே கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எண்ணெய் டீசல் வாடை அடிக்கும், நீர்த்துப் போயிருக்கும். நீர்த்த எண்ணெய் எல்லா இடுக்கிலும் ஒழுகும். அப்போது சீலை மாற்றி என்ன பயன்?

பிறகு கழுவ வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. பல ஆண்டு மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அரை அங்குலத்துக்குக் களி அப்பிய இன்ஜினில் எந்த மெக்கானிக்காலும் ஒழுக்கைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் சொல்வது ஊகம்தான். இன்ஜின் ஆறியிருக்கும்போது மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். ஈரம் காயாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். எண்ணெய் எங்கே முதலில் கசிகிறதோ அங்கே வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு விழும். எண்ணெயில் கலந்து ஊதா விளக்கில் பார்க்கும் சாயம் கடையில் கிடைக்கிறது, அதுவும் நல்லதுதான். ஆனால் ஒரு பவுடர் டப்பா பெரும்பாலும் போதும்.

ஆர்.எல். வண்டியில் ஒரு வசதி உண்டு. இன்ஜின் ஓட்டுநருக்குப் பக்கத்தில், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. மூடியைத் தூக்கினால் தலைப்பகுதி முழுவதும் கண்முன் தெரியும். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, டார்ச் அடித்து, மேலிருந்து முன்னிருந்து தொடங்குங்கள். ராக்கர் கவர் கேஸ்கட்டைப் பாருங்கள், அதிலும் பின் மூலையை. பிறகு பக்கவாட்டு மூடிகள், முன்னால் டைமிங் கவர், கிராங்க் புல்லிக்குப் பின்னால் இருக்கும் சீல். விசிறியிடம் சட்டைக் கையையும் துண்டையும் நெருங்க விடாதீர்கள். அடியில் படுப்பதாக இருந்தால் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே போக வேண்டாம்.

ஓடும்போது மட்டும் ஒழுகுகிறதா, நிற்கும்போதும் ஒழுகுகிறதா என்பதைக் கவனியுங்கள். நிற்கும்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால் சம்ப் கேஸ்கட், வடிகால் நட்டு போன்ற அடிப்பகுதிச் சமாச்சாரமாக இருக்கலாம். எரிச்சல்தான், ஆனால் பெரும்பாலும் இன்ஜினைக் கொல்லாது. ஓடும்போது மட்டும், அதுவும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதிகமாக, பீய்ச்சிக்கொண்டு வந்தால் அது அழுத்தப் பக்கம். எண்ணெய் பில்டர், அழுத்த சுவிட்ச், கூலர் ஹோஸ், இவற்றோடு பழைய இராணுவ வண்டிகளில் முக்கியமாக, டேஷ்போர்டில் இருக்கும் அழுத்த மீட்டருக்குப் போகும் மெல்லிய செம்புக் குழாய். வருடக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து அந்தக் குழாய் கழுத்தில் முடி அளவுக்கு விரிசல் விடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சம்பில் உள்ள எண்ணெயை வேகமாக வெளியே தள்ளிவிடும். பில்டர் மாற்றிய மறுநாள் ஒழுக ஆரம்பித்ததா? பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை வைத்து முறுக்கியிருப்பார்கள். இதுவும் அடிக்கடி நடப்பதுதான். அழுத்தப் பக்க எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும். காய்ந்த மட்டைகளுக்கு நடுவே ஓடும் வண்டி அது.

இதெல்லாம் பார்த்தாயிற்று, பின்பக்கம்தான் நனைகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதும் கியர்பாக்ஸைத் தொடாதீர்கள். இன்னொன்று பாக்கி இருக்கிறது.

இன்ஜின் மூச்சு விட வேண்டும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் புகை கீழே, கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கும். அது வெளியேறுவதற்குத்தான் பிரீதர் குழாய். அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயோடு வெளியே வரும். பெரும்பாலும் அது பின் சீல்தான். சீலைப் புதிதாகப் போட்டாலும் அதே கதைதான்.

மச்சினனின் லோரியைப் பார்க்கப் போனபோது என் கண்ணில் முதலில் பட்டது டிப்ஸ்டிக். அதைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தார் ஓட்டுநர். ஏன் என்று கேட்டேன். "அது அடிக்கடி வெளிய வந்துடுது அண்ணே, கேபின் பூரா எண்ணெய் தெறிக்குது, அதான்" என்றார். வண்டியை இரண்டு முறை பிரித்த பட்டறைக்காரர்களும் அந்த ரப்பரைப் பார்த்திருக்கத்தான் வேண்டும்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தோம். சட்டி கொதிப்பது போலப் புகை குப்பென்று அடித்தது. உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் காற்றுப் போகாமல் பொருத்தி, மீதிக் குழாயை மாட்டு லாடம் போல வளைத்துத் தொங்கவிட்டு, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அழுத்தத்தைக் காட்டும். ஒழுங்காக மூச்சு விடும் இன்ஜினில் தண்ணீர் சிறிதளவே அசையும். எங்களுக்கோ தண்ணீர் குழாயை விட்டே வெளியே பாய்ந்தது.

பிறகு பிரீதர் குழாயைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். கழற்றியும் அழுத்தம் குறையாவிட்டால், புகை குபுகுபுவென்று வந்துகொண்டே இருந்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அப்போது பட்டறையில் சொன்னது சரிதான், இன்ஜின் வேலை பார்க்கத்தான் வேண்டும். கழற்றியதும் தண்ணீர் அடங்கிவிட்டால் கோளாறு குழாயில்.

எங்கள் வண்டியில் அடங்கிவிட்டது. குழாயைக் கம்பியால் குத்தினால் காய்ந்த செம்மண் கட்டி கட்டியாக வந்தது. குளவிக் கூடு! முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் லோரி இரண்டு மாதம் கொட்டகையில் சும்மா நின்றிருக்கிறது. கீழ்நோக்கித் தொங்கும் குழாய், உள்ளே கதகதப்பு. குளவிக்கு வேறென்ன வேண்டும்? இராணுவ வண்டிகளில் இது போல இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். ஆழமான தண்ணீரைக் கடக்க பெல் ஹவுசிங் அடித்துளையில் ஒரு மரை போடும் வழக்கம் சில வண்டிகளில் உண்டு. கடந்த பிறகு கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் எண்ணெய் உள்ளேயே தேங்கி கிளட்ச்சை நனைக்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது, மேட்டில் ஏறும்போதுதான் கிளட்ச் வழுக்கும்.

எல்லாச் சோதனையும் முடிந்து உண்மையிலேயே பின் சீல்தான் என்றால், அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். பழைய பெர்கின்ஸ் இன்ஜின்களில் இப்போதுள்ளது போல ரப்பர் சீல் கிடையாது. இரண்டு பாதியாக இருக்கும் வளையத்தில் கயிறு போன்ற சீலைப் பதித்து மூடுவார்கள். கயிற்றின் முனைகள் வளையத்தின் விளிம்புக்கு மேல் 0.25 முதல் 0.50 மில்லிமீட்டர் துருத்தி நிற்க வேண்டும். பிளேடால் வழித்துச் சமமாக வெட்டிவிட்டால் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒழுகும். கிராங்க்ஷாஃப்ட்டை முன்னும் பின்னும், மேலும் கீழும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால் புது சீலும் சில வாரத்தில் போய்விடும். பழைய கயிற்று சீலிலும் பழைய கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஆகவே காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல், நனைத்துத் துடைக்க வேண்டும்.

கேஸ்கட் போடும்போது சிலிக்கோனை அள்ளி அப்புவது நம் பட்டறைகளில் பரவிவிட்ட கெட்ட பழக்கம். வெளியே பிதுங்குவது நமக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது பிய்ந்து விழுந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். தக்கை கேஸ்கட்டை மூச்சைப் பிடித்து முறுக்குவதும் தவறு. அது வெடித்து இன்னும் ஒழுகும். ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று கடையில் விற்கும் டப்பாவோ கெட்டியான எண்ணெயோ குளவிக் கூட்டைக் கரைக்கப் போவதில்லை. கழற்றிய கறுப்பெண்ணெயைப் பாரிட்டில் ஊற்றிவிடாதீர்கள். சட்டப்படி அது எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டில் வரும் கழிவு. டிரம்மில் சேர்த்து உரிமம் உள்ளவர்களிடம் கொடுக்க வேண்டும்.

மச்சினனின் லோரிக்குப் புதுக் குழாய்கூட வாங்கவில்லை. பழையதையே சுத்தம் செய்து, முனையில் கொசுவலைக் கம்பியைச் சுற்றிக் கட்டினோம். அந்த வலையும் சேறு பிடித்து அடைபடலாம் என்பதால் வாரம் ஒரு முறை தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சீலில் இன்னும் லேசாக ஈரம் இருக்கிறது. இத்தனை அழுத்தத்தைத் தாங்கியது கொஞ்சம் நைந்துதான் போயிருக்கும். ஆனால் ஓட்டுநரின் நோட்டில் போன மாதம் முழுவதற்கும் ஊற்றிய எண்ணெய் அரை லிட்டர் என்று எழுதியிருக்கிறது. டிப்ஸ்டிக்கில் இப்போது ரப்பர் இல்லை.