பங்கு வாங்கினால் வீடு

வீடு சொந்தம் என்றால் காணி உறுதி கையில் இருக்கவேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் அமெரிக்காவின் நியூயோர்க் மாநகரிலே, காணியும் சுவரும் தம் பெயரில் இல்லாமலே, “இது எங்கள் வீடு” என்று உரிமையோடு சொல்லும் மக்கள் இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர். அவர்கள் கூட்டுறவு வீடுகளின் பங்காளர்.

அந்நகரின் புரூக்ளின் பகுதியில், துறைமுகத்தின் ஒடுங்கிய வாயிலை நோக்கியபடி பே றிட்ஜ் என்னும் அமைதியான குடியிருப்பு உண்டு. 1964ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வெரசானோ தொங்குபாலம் அதன் அருகே கடலைக் கடந்து செல்கின்றது. நகர நடுவின் இரைச்சல் இங்கே குறைவு. இத்தகைய கரையோரப் பகுதிகளிலுள்ள கூட்டுறவுக் கட்டடங்களிலே ஒற்றையறை வீடுகளும் உள்ளன. படுப்பதும் இருப்பதும் ஒரே அறையில். ஒரு புறத்தே சமையல், அடுத்து குளியலறை. தனித்து வாழும் ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும், மாநகரில் எட்டக்கூடிய சொந்த வீடு பெரும்பாலும் இதுவே.

இதன் அமைப்பு யாது? கட்டடம் முழுவதும் ஒரு சங்கத்துக்குச் சொந்தம். வீடு வாங்குபவர் அச்சங்கத்தின் பங்குகளையே வாங்குகின்றார். அப்பங்குகளுக்கு ஈடாக, குறித்த வீட்டிலே குடியிருக்கும் உரிமையைத் தரும் குத்தகை உறுதி அவருக்குக் கிடைக்கும். ஒரு கட்டடத்துக்கு ஆயிரம் பங்குகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒற்றையறை வீட்டுக்குப் பத்துப் பங்கும், பெரிய வீட்டுக்கு முப்பது பங்கும் ஒதுக்கப்பட்டிருக்கலாம். சொத்துவரி, குளிர்காலத்து வெப்பமூட்டும் செலவு, காவல், பழுதுபார்த்தல், கட்டடத்தின் மீதுள்ள ஈட்டுக் கடன் ஆகிய யாவும் அப்பங்குகளின் அளவுப்படி மாதக் கட்டணமாகப் பிரிக்கப்படும். ஆகவே விலை மலிவு என்று கேட்டவுடன் மகிழ்ந்துவிடுதல் ஆகாது. சங்கத்தின் கடன் எவ்வளவு, சேமநிதி எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்த பின்னரே அவ்வீடு மலிவா என்பது விளங்கும்.

புதிதாக வருபவரை ஏற்பதா, மறுப்பதா என்று தீர்மானிப்பது பங்காளர் தெரிந்தெடுத்த சபை. வருபவர் தம் வருமானக் கணக்கைக் காட்டி, நேர்முகத்துக்கும் செல்லவேண்டும். இனம், மதம் முதலியவை காரணமாக மறுப்பதைச் சட்டம் தடுக்கின்றது. ஆனால் கட்டணம் செலுத்த வல்லவரா என்று ஆராய்வதற்கு நியாயம் உண்டு. ஒருவர் செலுத்தத் தவறினால் அச்சுமை மற்றவர் தலையில் விழும் அன்றோ!

இம்முறை செல்வரின் தயவால் மட்டும் வளர்ந்ததன்று. புரூக்ளினில், துறைமுகத்தை நோக்கிய சன்செற் பார்க் மேட்டிலே, 1916ஆம் ஆண்டு பின்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர் பதினாறு குடும்பத்தார் கூடி ஒரு வீட்டுத்தொகுதி கட்டினர். அதற்கு ‘ஆல்கு’ என்று பெயரிட்டனர். ‘தொடக்கம்’ என்பது பொருள். 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றொச்டேல் நகரத்து நெசவாளர் ஏற்படுத்திய கூட்டுறவு நெறியே இவர்களுக்கும் வழிகாட்டி. ஈழத்துச் சங்கக் கடைகளும் அதே நெறியின் வழிவந்தவையே. பின்னர் ஆபிரகாம் கசான் என்பவர் தொழிற்சங்கங்களின் துணையோடு ஆயிரக்கணக்கான கூட்டுறவு வீடுகளை எழுப்பினார்.

இங்கே ஒரு பெருங்கேள்வி எழுகின்றது. மலிவாக வாங்கிய வீட்டை எந்த விலைக்கு விற்கலாம்? இரு நீர்க்கரைக் குடியிருப்புகள் இதற்கு இருவேறு விடை தந்தன. ஈஸ்ற் ஆற்றங்கரையில், ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் பண உதவியோடு 1950களில் எழுந்த வீடுகளிலே, வெளியேறுபவர் இலாபம் பெறக்கூடாது என்பது விதியாக இருந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக் காலத்திலே பங்காளரே அவ்விதியை நீக்கினர். விலைகள் பன்மடங்கு உயர்ந்தன, முன்னிருந்தோர் பயன்பெற்றனர். ஆயினும் அவர்களைப் போன்ற தொழிலாளருக்கு அவ்வாசல் ஒடுங்கிவிட்டது.

மற்றையது பிரொங்ஸ் பகுதியில் ஹட்சின்சன் ஆற்றங்கரையிலுள்ள கோ-ஒப் சிற்றி. 1968ஆம் ஆண்டு முதற் குடிகள் புகுந்த அவ்விடத்தில் 15,372 வீடுகள் உள்ளன. கட்டடச் செலவும் வட்டியும் ஏற, மாதக் கட்டணமும் ஏறியது. 1975இல் குடியிருப்போர் கட்டணத்தைச் சங்கத்துக்குச் செலுத்த மறுத்துப் பதின்மூன்று மாதம் போராடி, நிருவாகத்தைத் தம் கையில் எடுத்தனர். ஆயினும் விற்பனை இலாபத்தைக் கட்டுப்படுத்தும் விதியை அவர்கள் கைவிடவில்லை. அதனால் நடுத்தர வருமானத்தோர் அங்கே இன்றும் இடம் தேடிக் காத்திருக்கின்றனர்.

நீர்க்கரைக்கு அதற்குரிய இடரும் உண்டு. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சான்டிப் புயல் வந்தபோது, நகரின் தாழ்ந்த கரைகளிலே கடல்நீர் கட்டடங்களின் நிலவறைகளுள் புகுந்து, கொதிகலன்களையும் மின்கருவிகளையும் கெடுத்தது. கூட்டுறவுக் கட்டடத்தில் நிலவறை கெட்டால், மேல்மாடியில் நனையாமல் இருந்தவரும் தம் பங்குக்குக் கொடுக்கவேண்டும். அவர் வீட்டுக்கு வெப்பம் வருவதும் அந்நிலவறையிலிருந்தே.

ஆகவே ஒற்றையறை வீடு என்றாலும், அதை வாங்குபவர் ஓரறையை மட்டும் வாங்குவதில்லை. அயலாரின் கடனிலும் கவலையிலும் பங்கு வாங்குகின்றார். அவ்வீடு அவருக்கு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், முன்பு அதில் இருந்தவர் ஒரு வரம்புக்குள் நின்றதே. அவர் வெளியேறும் நாளில் அவ்வரம்பில் நிற்பாரா என்பதைப் பொறுத்தே, அடுத்து வரும் எளியவருக்கு அக்கதவு திறக்கும்.