அறுவை சிகிச்சைக்கு அட்டை உண்டு, அதன் பிறகு?

புது தில்லி: தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை வாயிலிலும், எதிரே உள்ள சஃப்தர்ஜங் மருத்துவமனைச் சுற்றுச்சுவரை ஒட்டியும் இரவில் நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பிகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து வயதான தாயையோ தந்தையையோ சிகிச்சைக்கு அழைத்து வந்தவர்கள், மருத்துவ அறிக்கைகள் அடங்கிய பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உறங்குவார்கள். தர்மசாலைகளில் இடம் கிடைப்பது எளிதல்ல.

இவர்களுடைய கவலைகளுள் ஒன்றான சிகிச்சைச் செலவு இப்போது ஓரளவு குறைந்துள்ளது. 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை இலவச சிகிச்சை அளிக்கும் விரிவாக்கம் 2024 அக்டோபர் 29-இல் தொடங்கி வைக்கப்பட்டது. நாடு முழுவதும் சுமார் 6 கோடி முதியோர் இதன்மூலம் பயன்பெறுவர் என மத்திய அரசு அப்போது தெரிவித்தது. தில்லி மாநிலம் 2025 ஏப்ரலில்தான் இத்திட்டத்தில் இணைந்தது.

ஆனால் இது உள்நோயாளிகளுக்கான திட்டம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு 15 நாள்கள் வரையிலான மருந்து, தொடர் சிகிச்சைச் செலவு மட்டுமே இதில் அடங்கும். பதினாறாம் நாளிலிருந்து எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு.

முதியோருக்கு அடிக்கடி நேரும் இடுப்பு எலும்பு முறிவையே எடுத்துக்கொள்வோம். குளியலறையில் வழுக்கி விழுவதே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. இயன்றவரை இரண்டு நாள்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்லது என்பது மருத்துவ உலகில் ஏற்கப்பட்ட கருத்து. சர்க்கரை நோய், இதய நோய், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை ஆகியவை பல நேரங்களில் தாமதத்துக்குக் காரணமாகின்றன. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை உட்காரவைத்து, வாக்கர் உதவியுடன் நிற்கவைக்க மருத்துவர்கள் முயல்வார்கள். "இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு எழுப்பலாமா?' என்று உறவினர்கள் தடுப்பதும் உண்டு. படுக்கையிலேயே விட்டுவிட்டால்தான் ஆபத்து. நுரையீரலில் சளி கட்டுவது, காலில் ரத்தம் உறைவது, படுக்கைப் புண் எனத் தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தானாகப் புரண்டு படுக்க இயலாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான்.

சிலர் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாள்களில் இரவில் பிதற்றுவார்கள். பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் பேசுவார்கள். இது பெரும்பாலும் தாற்காலிகமான மனக்குழப்பம்தான். ஆனாலும் நோய்த்தொற்று போன்றவை இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புத்தி பேதலித்துவிட்டது என்று கலங்கும் குடும்பங்களுக்கு இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்ல, நெரிசல் மிகுந்த மருத்துவமனைகளில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இடுப்பு மூட்டு மாற்றப்பட்டவர்கள் குந்தி உட்காரக் கூடாது என்பதால், வீட்டில் கமோடு நாற்காலி தேவை. இதுபோன்ற சிறு செலவுகள் எந்த அட்டையிலும் சேராது.

யார் பார்த்துக்கொள்வது?: பெரும்பாலும் மருமகளோ மகளோதான். வேலைக்குச் செல்பவர் என்றால் விடுப்பு எடுக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பை வயதான பெற்றோரைக் கவனிப்பது உள்ளிட்ட சொந்தக் காரணங்களுக்குப் பயன்படுத்தலாம் என்று 2025 ஜூலையில் மாநிலங்களவையில் மத்திய அரசு பதில் அளித்தது. இது புதிய சலுகை அல்ல. எல்லா ஊழியர்களுக்கும் எப்போதும் உள்ள விடுப்புதான். குழந்தை வளர்ப்புக்கென மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் தனி விடுப்பு உண்டு. பெற்றோரைப் பராமரிக்க அப்படி எதுவும் இல்லை. தனியார் நிறுவன ஊழியர்கள், தினக்கூலிகளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

வசதி உள்ளவர்கள் ஏஜென்சி மூலம் ஆள் வைத்துக்கொள்கிறார்கள். தில்லியில் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்ற கணக்கில் உதவியாளர்களை அனுப்பும் ஏஜென்சிகள் ஏராளம். வருபவர் பயிற்சி பெற்றவரா என்று சரிபார்க்க வழி இல்லாத குடும்பங்களே அதிகம். வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவு செய்து முறைப்படுத்த வகைசெய்யும் மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் தாக்கல் செய்யப்பட்டது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்துவதற்கான அந்த மசோதா நிறைவேறாமல், 2024-இல் மக்களவை கலைக்கப்பட்டதோடு காலாவதியானது.

2007-ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடமிருந்து மாதம் ரூ. 10 ஆயிரம் வரை பராமரிப்புத் தொகை பெற்றுத்தர வழிசெய்கிறது. கைவிடாமல் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு உதவ அதில் எதுவும் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தோர் சுமார் 10.4 கோடி. 2036-இல் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 23 கோடியாக இருக்கும் என அரசின் வல்லுநர் குழு கணித்துள்ளது.

தென் மாநிலங்கள் சற்று முன்னே சென்றுள்ளன. கோழிக்கோட்டில் 1993-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட வலிநிவாரணப் பராமரிப்பு, 2008-இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. அங்கு உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்கள் வீடு தேடிச் சென்று, படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்குப் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறார்கள். சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார்கள். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டிலேயே பிசியோதெரபி, வலிநிவாரண சிகிச்சை அளிக்க ஏற்பாடு உள்ளது. தலைநகரில் நடைபாதையில் படுத்திருப்பவர்களின் ஊர்களில் அத்தகைய ஏற்பாடு இன்னும் எட்டாக்கனிதான்.

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை அழைக்கலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, தையலை எப்போது பிரிப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும் ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்வது உறவினர்களின் உரிமை.