திரையில் நடுங்காத யோயோ

பம்பரம் கயிற்றை உதறிவிட்டுத் தரையிலே சுழல்வது. யோயோவோ கயிற்றை விடாது, அதன் நுனியிலே தொங்கிச் சுழன்று, ஆடுவோன் வேண்டியபோது கைக்கு மீள்வது. ஏறக்குறையக் கி. மு. 440 அளவில் ஆக்கப்பெற்ற கிரேக்கக் கிண்ணமொன்றில், சிறுவனொருவன் இதனை வைத்து விளையாடும் காட்சி தீட்டப்பட்டிருக்கின்றது. அக்கிண்ணத்தை இன்றும் பேர்ளின் நகர அருங்காட்சியகத்திலே காணலாம். ஆயினும், யோயோ என்னும் பெயரோடு இவ்விளையாட்டுக்கருவியை அமெரிக்காவிற் பரப்பியவர் பிலிப்பைன்சு நாட்டிலிருந்து சென்ற பேதுரோ புளோரெசு என்பவர். 1928ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரில் அவர் தமது தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளுள் அது டொனால்ட் டங்கன் என்னும் வணிகர் கைக்கு மாறியது. 'யோயோ' என்ற சொல் தமக்கே உரிய வணிகப்பெயர் என டங்கன் நிறுவனத்தார் வழக்காடினர். அச்சொல் பொருளின் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது, ஒருவர்க்கு மட்டும் உரியதன்று என 1965இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு இனிக்கும் வழக்கு இது. நீதிமன்றமே பொதுச்சொல் என்று கூறிய பின்னர், அதற்கு ஈடாக ஒரு தமிழ்ச்சொல்லைப் படைக்க முயன்று வாசகரை வருத்த யாம் விரும்பவில்லை.

மரத்தாலும் பிளாத்திக்காலும் ஆகிய யோயோ, உலோகத்துக்கு வந்த வரலாற்றில் நினைக்கத்தக்கவர் ரொம் கூன். இவர் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பல்வைத்தியர். பல்லிடுக்கிற் பணிசெய்து பழகிய கைக்கு நுண்ணளவுகள் புதியவை அல்ல போலும்! 1990இல் அவர் வெளியிட்ட அலுமினிய யோயோவின் அச்சாணியிலே குண்டுப்போதிகை பொருத்தப்பட்டிருந்தது. கயிறு அச்சாணியோடு உராயாமற் போதிகையின்மேல் தங்குவதால், சுழற்சி நெடுநேரம் நின்றது. இக்காலத்து யோயோக்கள் சில, வெறுமனே இழுத்தால் மீளவும் மாட்டா. கயிற்றை மடித்து உள்ளே செலுத்தினால்தான் கைக்கு ஏறும்.

இத்தகைய ஒன்றைத் தனக்கென அமைக்க விரும்புவோன், இன்று முதலில் நாடுவது பட்டறையையன்று, கணினியை. வரைதற்குரிய மென்பொருளில் அவன் யோயோ முழுவதையும் வரைவதில்லை. ஒரு பாதியின் நடுவெட்டுக் கோட்டை மட்டும் வரைந்து, அச்சைச் சுற்றி ஒரு முழுவட்டம் சுழற்றுமாறு பணிக்கின்றான். குயவன் சக்கரத்திற் கலம் எழுவதுபோலத் திரையிலே வடிவம் எழுகின்றது. உலோகத்தின் அடர்த்தியைக் கொடுத்தவுடன், திணிவும் சடத்துவத் திருப்பமும் கணப்பொழுதில் எண்களாக வந்து நிற்கின்றன.

அமைப்போன் முதன்மையாகப் போராடுவது இவ்விரண்டு எண்களோடுதான். முழு யோயோவின் விட்டம் பெரும்பாலும் 56 மில்லிமீற்றர் அளவினது. திணிவு 65 கிராம் அளவினது. அதனினும் கூடினால் விரல் களைக்கும்; குறைந்தால் சுழற்சி விரைவில் தளரும். ஆதலின் திணிவைக் கூட்டாமல், அதனை இருக்குமிடத்திலிருந்து விளிம்புக்குப் பெயர்ப்பதே வழி. அச்சிலிருந்து 20 மில்லிமீற்றர் தூரத்தில் இருந்த உலோகத்தை 25 மில்லிமீற்றருக்கு நகர்த்தினால், சுழற்சியைக் காப்பதில் அதன் பங்கு ஒன்றரை மடங்குக்கும் மேலாகின்றது. ஆரையின் வர்க்கத்தோடு அது வளர்வதே காரணம். விளிம்பில் அலுமினியத்துக்குப் பதிலாக உருக்கு வளையம் பதிப்போரும் உளர். உருக்கு அலுமினியத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தியுடையது. அலுமினியத்திலும் 6061, 7075 என்னும் கலப்புவகைகள் இரண்டு பெருவழக்கின. பின்னது வலியது, விலையும் மிக்கது. முன்னதற்கென வரைந்த வடிவத்தை மாற்றாது பின்னதிற் கடைந்தால் இரண்டரைக் கிராம் அளவிற் பாரம் ஏறிவிடும். இதனை மறந்து ஏமாறுவது எளிது.

விளிம்பே விளிம்பு என்று ஆசைப்பட்டு நடுச்சுவரை மெலிவித்தால் வேறு துன்பம் வரும். கல்லில் மோதிய யோயோ வளைந்துவிடும். மேலும், விளிம்பு மிகப் பாரித்தது கயிற்றின்மேல் மந்தமாக நகரும். எண்கள் சிறந்திருக்க, ஆட்டம் சிறவாது போவதும் உண்டு.

வடிவம் கைக்கு இசையுமா என அறிய, முப்பரிமாண அச்சுப்பொறியிற் பிளாத்திக்கு உருவொன்றை எடுத்துப் பார்ப்பர். உள்ளங்கையில் அது எவ்வாறு அமர்கின்றது என்பதை அவ்வுரு சொல்லும்; பாரத்தைச் சொல்லாது. அதற்கு உலோகத்தையே கடையவேண்டும். கணினி இயக்கும் கடைசற்பொறியை ஒரு வேலைக்கெனச் சித்தஞ்செய்யும் செலவு, இரண்டு கடைந்தாலும் இருநூறு கடைந்தாலும் பெரிதும் ஒன்றே. ஆகவே முதல் மாதிரியுருக்கள் பொன்விலை பெறும். வரைந்தவனின் சேமிப்பு முழுவதும் அவற்றிலே கரைந்துபோதல் கூடும்.

இவ்விடத்தில்தான் கணினி மௌனமாகின்றது. திரையிலுள்ள இரண்டு பாதிகளும் பிழையற்ற ஒற்றுமையுடையன. அவற்றின் அச்சு கணித அச்சு. பட்டறையிலோ இரு பாதிகளையும் இணைப்பது நான்கு மில்லிமீற்றர்த் திருகாணி. அதற்கு வெட்டிய புரி சிறிது சாய்ந்தாலும், 12.7 மில்லிமீற்றர் விட்டமுடைய போதிகை அமரும் இருக்கை மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு தளர்ந்தாலும் போதும். சுழலும் யோயோ நடுங்கத் தொடங்கும். நிறமூட்டுதற்காக அமிலத் தொட்டியில் மின்செலுத்தும்போது, அலுமினியத்தின்மேல் வளரும் ஒட்சைட்டுப் படையும் அவ்விருக்கையைச் சில மைக்குரோன் பருக்கச்செய்துவிடும். முன்பு இலகுவாக நுழைந்த போதிகை பின்பு நுழைய மறுக்கும். பொறுமையற்றவன் அதனை அழுத்தித் திணிப்பான். பிறகு கழற்றும்போது நடுத்தூணே முறிந்து கையோடு வரும்.

மாதிரியுரு வந்தவுடன் அமைப்போன் செய்யும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. யோயோவை வேகமாக எறிந்து, கயிற்றின் அடியிலே சுழலவிட்டு, விளிம்பின் மேல் நகத்தை மெல்ல வைக்கின்றான். நடுக்கம் இருந்தால் நகம் படபடக்கும். பாதிகளைக் கழற்றுகின்றான், ஒரு பாதியைச் சிறிது திருப்பி மீண்டும் பூட்டுகின்றான், மறுபடி எறிகின்றான். நடுக்கம் குறைகின்றது, மறையவில்லை. போதிகையை மாற்றிப் பார்க்கின்றான், அதே படபடப்பு. அச்சாணியை மாற்றுகின்றான், அதுவே. இரவு கணினியைத் திறந்து, எழில் மிகுந்த அவ்வடிவத்தில் எதனையும் தொடாமல், போதிகையிருக்கையின் விட்டத்தில் மட்டும் ஓர் எண்ணை மாற்றிப் பட்டறைக்கு அனுப்புகின்றான்.